யாரும் தூக்காமல்

கேப்டனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நல்லதாகப் போயிற்று.

"வாங்க மேடம், வாங்க. வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே கேட்டைத் திறந்தார்.

"வழி தெரியும் சார்."

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. பத்து வருடத்தில் தொப்பை விழுந்திருந்தது. விசில் அதே மாதிரி கழுத்தில் தொங்கியது. பிள்ளைகளை ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கவைத்து, படகு விடவும் மலையேறவும் கற்றுக்கொடுக்கும் முகாம் அது. அதன் மேலாளர் அவர். பிள்ளைகள் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். பதிமூன்று வயதில் நானும் மூன்று நாள் அப்படித்தான் கூப்பிட்டேன்.

நான் வேலை பார்ப்பது ஓர் அறக்கட்டளையில். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் நடக்க முடியாத பிள்ளைகளும் இந்த மாதிரி முகாம்களுக்குப் போக, நாலு பேரிடம் நன்கொடை திரட்டி இடம் பிடித்துத் தருகிறோம். இங்கே இந்த வருடம் நாற்பது பேர் வருவதாக இருந்தது. பதினோரு பேர் சக்கர நாற்காலி. அதற்கு முன்னால் எங்களில் ஒருவர் நேரில் வந்து சோதித்து, படிவத்தின் கடைசிக் கட்டத்தில் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ எழுத வேண்டும். 'இல்லை' என்றால் எங்கள் நன்கொடை இங்கே வராது. வராவிட்டால் முகாமை மூட வேண்டியதுதான். கட்டணம் கட்டி வருகிற கூட்டம் எப்போதோ வேறு பக்கம் போய்விட்டது.

என்னை யாரும் அனுப்பவில்லை. பட்டியலில் இந்த முகாமின் பெயரைப் பார்த்ததும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரிக்குள் கால் வைத்ததில்லை. அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். படிவம் என்றால் யாராவது நிரப்பித் தருவார்கள், காட்டிய இடத்தில் பெருவிரலை வைப்பார். அப்படி அவர் விரல் வைத்த ஒரு படிவத்தில்தான் அக்காவும் நானும் இங்கே வந்தோம். நன்கொடை இடம்.

அக்காவுக்கு அப்போது பதினாறு வயது. குழந்தையிலிருந்தே சக்கர நாற்காலி. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஏரி, ஏரி என்று என் காதைத் துளைத்துவிட்டாள். வந்து இறங்கியதும் கேப்டன் அவள் மடியில் பேனரை விரித்து, நன்கொடை தந்தவர்களைச் சுற்றி நிறுத்திப் போட்டோ எடுத்தார். அவர்களுடைய கார்கள் போனதும், "பாதை உனக்குச் சரிப்படாதும்மா. ஆபீஸ் ரூம்ல உக்காந்து படம் வரை" என்று கலர் பென்சில் டப்பாவைக் கொடுத்தார்.

மூன்று நாளும் அதே அறைதான். கழிப்பறைக்கு நாலு படி ஏற வேண்டும். முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு தடவை போனாள். அதற்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல், ஆஸ்பத்திரி, சிறுநீரகம் வரைக்கும் கிருமி. அந்த வருடப் பரீட்சை போயிற்று. அவள் மறுபடி பள்ளிக்கூடம் போகவே இல்லை. என்னைவிட நன்றாகப் படிப்பாள். வீட்டின் முதல் பட்டம் அவளுடையதாக இருந்திருக்க வேண்டும்.

அந்தப் போட்டோ மட்டும் நாலு வருடம் இவர்களுடைய விளம்பரத் தாளில் சிரித்தது.

"இந்தத் தடவை எல்லாமே புதுசு மேடம்," என்றார் கேப்டன். "ரேம்ப் பாருங்க, கைப்பிடி பாருங்க. பெயின்ட்டுகூட இன்னும் காயல, தொட்டுடாதீங்க."

வேனிலிருந்து சக்கர நாற்காலியை இறக்கி விரித்தேன். "உக்காருங்க சார்."

"யாரு, நானா?"

"முகாமை நடத்துறவங்கதான் உக்காந்து காட்டணும். கேட்லேர்ந்து எல்லா இடத்துக்கும். யாரும் தூக்கக்கூடாது, தள்ளக்கூடாது, நீங்க எழுந்திரிக்கக்கூடாது. எழுந்தா சோதனை முடிஞ்சுது."

இது எங்கள் விதி. அடுத்து நான் நீட்டிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் விதியில் இல்லை.

"இதுவுமா மேடம்?"

"வெயில் சார். குடிங்க."

குடித்தார். நான் பக்கத்தில் நடந்தேன். சரளைக் கல்லில் சக்கரம் புதைந்தது. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்ற சமையல்காரர், "என்ன கேப்டன், நேத்து நல்லாத்தானே நடந்தீங்க?" என்று கேட்டார். கேப்டன் பல்லைக் காட்டினார். ஏரிக்கரைக்குப் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் இன்னொரு பாட்டில் கொடுத்தேன். மேடம் கையால் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. உள்ளங்கை சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்குப் பாவமாக இல்லை.

"மேடம், ஒரு நிமிஷம். பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

"போங்க சார். அதுவும் படிவத்துல இருக்கு."

புது ரேம்ப்பில் மூச்சு வாங்க ஏறினார். கதவில் சக்கர நாற்காலிப் படம் ஒட்டியிருந்தது. நாற்காலி கதவு நிலையில் மோதி நின்றது. பின்னால் வந்து மறுபடி மோதினார். பிறகு கோணலாகத் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு விரல் அகலம்தான் மேடம் இடிக்குது."

"ஆமா சார். ரெண்டு விரல்."

"பழைய கதவு ஸ்டோர்ல சும்மா கெடந்துச்சு. அதையே மாட்டச் சொன்னேன்." நெற்றியில் வேர்வை வழிந்தது. "பசங்க ரெண்டு பேரைக் கூப்பிடுறேன், உள்ள தூக்கி விட்டுடுவாங்க."

"தூக்கக்கூடாது."

"அவசரம் மேடம்."

"தெரியும். அடக்கிக்கிட்டு உக்காந்தா எப்படி இருக்கும்னு எங்க வீட்டுல ஒருத்தி சொல்லியிருக்கா. மூணு நாள் உக்காந்திருந்தா. உங்க ஆபீஸ் ரூம்லதான்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த நாற்காலிப் பொண்ணு," என்றார். "நீங்க அதோட தங்கச்சி."

"ஆமா."

எழுந்து உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார்.

"இது சோதனையே இல்ல. பழிவாங்குறீங்க. இப்பவே உங்க டிரஸ்டுக்கு போன் போடுறேன்."

"போடுங்க. எதுக்குப் பழின்னு கேப்பாங்க. அதையும் நீங்களே சொல்லிடுங்க."

போனை எடுத்தவர் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"கதவை நாளைக்கே மாத்திடறேம்மா." மேடமாக இருந்த நான் இப்போது அம்மாவாகிவிட்டேன். "நாப்பது பிள்ளைங்க ஆசையா துணிமணி எடுத்து வெச்சிருக்கும். என்மேல இருக்கிற கோவத்தை அதுங்கமேல காட்டாதீங்க."

சரியான இடத்தில் அடித்துவிட்டார். அந்த நாற்பது பேரையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தவள் நான். இங்கே இல்லை என்றால் அடுத்த வருடம் வரை அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. பேனாவைத் திறந்தேன், எழுத வரவில்லை. மரத்தடிக்குப் போய் அக்காவுக்கு போன் செய்தேன். ஒரு கூரியர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போன் எடுக்கிற வேலை அவளுக்கு.

"எங்கடி இருக்க?"

"அந்த முகாம்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் பாட்டில் கொடுத்ததைச் சொன்னதும் சிரித்தாள். விட்டுத் தொலை என்பாள் என்று நினைத்தேன். வீட்டில் எதையும் முதலில் விட்டுக்கொடுக்கிறவள் அவள்தான்.

"என் பேரு ஞாபகம் இருந்துச்சா அந்தாளுக்கு?"

"நாற்காலிப் பொண்ணுன்னார்."

"ம்."

"கதவை நாளைக்கே மாத்திடறாராம்."

"மாத்துவார், கதவுதானே. அப்புறம் மழை பெய்யும், பாதை சேறாகும், ஒருத்திய ரூம்ல உக்கார வெப்பார்."

"நாப்பது பிள்ளைங்கக்கா. ஒரு வருஷம் காத்திருக்கணும்."

"வீட்டுல வருஷக்கணக்கா காத்திருக்கிறதையும் பாத்துட்டேன், அந்த ரூம்ல மூணு நாளும் பாத்துட்டேன். எது மேலுன்னு என்கிட்டதானே கேக்கணும்? எழுது."

"பழிவாங்குறோம்னு சொல்லுவாங்க."

"வாங்கத்தானேடி செய்றோம். போனை வெக்காத, நான் இருக்கேன்."

ஸ்பீக்கரைப் போட்டு போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனேன். அதே மேசைதான். கடைசிக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் கதவின் அளவை எழுதி, அதன் கீழே, பத்து வருடத்துக்கு முன் இந்த அறையில் நடந்ததை எழுதினேன். அக்காவின் முழுப்பெயர், வயது, ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள், போன படிப்பு. எழுதியவருக்கு என்ன உறவு என்பதையும் மறைக்கவில்லை. தங்கை. இதற்காக என் வேலை போனால் போகட்டும்.

படிவத்தில் முகாம் மேலாளரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பக்கம் தள்ளினேன்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடலாமா?" என்றார் கேப்டன்.

"சத்தமா படிங்க சார். அதுவும் விதிதான்."

விதி இல்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அக்காவின் பெயர் வந்த இடத்தில் நாக்குத் தடுக்கியது. அடுத்த வரியில் குரல் தேய்ந்து, உதடு மட்டும் அசைந்தது.

"சரியா கேக்கல," என்றாள் அக்கா, என் பையிலிருந்து. "என் பேருலேர்ந்து படிங்க கேப்டன்."