ஹனீனுக்கு ஒரு ஊசி

காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு இடையே பெண்கள் மட்டுமே நடக்கிற முடுக்குகள் உண்டு. ஒரு வீட்டு அடுக்களையில் நடப்பது அடுத்த வேளைச் சோற்றுக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் ராஹிலா தன் உடன்பிறந்த மூத்தவளான ராத்தாவின் நோயை நாலு வருஷமாக மறைத்து வைத்திருந்தாள். ராத்தா மௌத்தாகிக் கண்மூடியது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால். ஊருக்குச் சொன்னது வயிற்றில் கட்டி. சவூதி தம்மாமில் வேலை பார்க்கும் ராத்தாவின் கணவர் அஃப்ஸலுக்குச் சொன்னதும் அதேதான்.

"மச்சானுக்கு மட்டும் தெரிய வேணாம். தன்னாலதான் வந்துச்சோன்னு மருகியே செத்துருவாஹ" என்று ராத்தா சத்தியம் வாங்கியிருந்தாள். ராஹிலாவின் மாப்பிள்ளை பிரிந்து போய் வெகுகாலம். அத்தனை பெரிய வீட்டில் இப்போது அவளும் ராத்தா மகள் ஹனீனும்தான்.

பதினாலு வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அந்தப் புற்றுநோய் வராமலிருக்க அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக ஊசி போடுகிறார்கள். ஹனீனுக்கு அடுத்த மாதம் பதினைந்து ஆகிறது; அதற்கப்புறம் கிடையாது. நர்ஸ் பானுப்ரியா தெருவுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு முன்னாலேயே வாட்ஸப்பில் ஒரு குரல் வந்து சேர்ந்துவிட்டது; ஊசி போட்டால் பிள்ளை பிறக்காதாம். பேர் தெரியாத குரலை நம்புகிறவர்களுக்கு வாசலில் வந்து நிற்கிற நர்ஸை நம்ப மனமில்லை. முடுக்கில் எதிர்ப்பட்டவர்களெல்லாம், "நல்ல குடும்பத்துப் புள்ளையளுக்கு அது எதுக்கு?" என்றார்கள்.

போனில் அஃப்ஸலும் அதைத்தான் சொன்னார். "வேணாம் ராஹிலா. நாளைக்கு அவளுக்கு ஒரு புள்ள இல்லாமப் போனா யாரு பதில் சொல்றது?"

பெற்ற வாப்பா வேண்டாம் என்ற பிறகு ராஹிலா சம்மதக் கையெழுத்துப் போட முடியாது. ராத்தா கிடந்த கட்டிலில் ஹனீனை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

"மச்சான், ராத்தாவுக்கு வந்தது கட்டி இல்ல" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"அது எப்படி வரும்?" என்று கேட்டார் அஃப்ஸல்.

"ஒரு கிருமியாம். புருசன் பொண்டாட்டிக்குள்ள வர்றது. அனேகமா எல்லாருக்கும் வந்து தானாப் போயிருமாம். சில பேருக்குத்தான் தங்கிருமாம்."

"என்கிட்டயிருந்தா?"

"யார்கிட்டயிருந்துன்னு யாராலயும் சொல்ல முடியாதாம், மச்சான்."

"புள்ளைக்குப் போட்ரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அந்தத் தெருவிலிருந்து போனது ஹனீன் ஒருத்திதான். ஊசி போட்டபின் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார்கள். நீளமான பெஞ்சில் அவளும் ராஹிலாவும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். முடுக்கு வழியாகத் திரும்பும்போது அடுக்களை வாசல்களில் பேச்சு நின்றது. அவர்கள் கடந்த பிறகு தொடர்ந்தது. ராஹிலாவுக்கு எரிச்சலாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. ராத்தாவின் கதையைச் சொல்லியிருந்தால் இன்னொரு பிள்ளையாவது வந்திருக்கும். ராத்தாவின் பேர் கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஊசி போட்டாச்சு என்று அஃப்ஸலுக்குச் செய்தி அனுப்பினாள். மஃரிபு தொழுகைக்குப் பிறகு பதில் குரலாக வந்தது. போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள்.

"கடைசி வரைக்கும் எங்கிட்ட சிரிச்சுல்லா பேசினா. வலிக்குதான்னு நான் ஒரு வார்த்தை கேக்கலியே, ராஹிலா." அதற்கு மேல் அழுகைதான்.

ஹனீன் கையைத் தேய்த்துக்கொண்டே வந்து நின்றாள். "சாச்சி, வாப்பா என்ன சொல்றாஹ?"

"கை வலிக்குதான்னு கேக்குறாஹ."

"கொஞ்சம் வலிக்குது" என்றாள் ஹனீன். "வாப்பாகிட்ட சொல்லிராதிய, சாச்சி. மருகுவாஹ."