தொட்டிக்கு முன்னால் வந்த மேகம்

மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லாத அறையில் எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு மேகப் பைத்தியம் பிடித்தால் யாரைக் குறை சொல்வது? காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் மாலை நாலு மணிக்குத்தான் வெளியே. நடுவில் பதினைந்து நிமிடம் டீ குடிக்க விடுவார்கள். மற்றவர்கள் டீ குடிப்பார்கள். இவள் மொட்டை மாடிக்கு ஏறி வானத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க இறங்கி வருவாள்.

எடுத்த படம் நேராக மேகக் குழுவுக்குப் போகும். போனில் நாற்பத்து மூன்று பேர். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, தொழில்தான்: டாக்ஸி, பேக்கரி, வாத்தியார். இவள் எக்ஸ்ரே. அன்றைய வானத்தை அன்றே போட வேண்டும், வர்ணம் கூட்டக் கூடாது, மேகத்தின் வகையைச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் குழுவைத் தொடங்கிய வாத்தியார் திருத்துவார். முப்பது வருடம் கணக்குத் தாள் திருத்திய கை, சும்மா இருக்குமா?

மூன்று வருடமாக இவள் படங்களுக்கு ஒப்புக்கு இரண்டு கட்டைவிரல் விழும், அவ்வளவுதான். டாக்ஸிக்குச் சூரியனைச் சுற்றி ஒளிவட்டம் கிடைத்தது. பேக்கரிக்கு விடியற்காலைச் சிவப்பு தினமும் இலவசம். இவளுக்கு வாய்த்தது பஞ்சும் சாம்பலும்தான். போன மாதம் ஒருநாள் மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்ததால், நாலாம் மாடிப் படிக்கட்டு ஜன்னலின் மூடிய கண்ணாடி வழியாக அவசரமாக ஒன்றைத் தட்டினாள். அதில்தான் வந்து உட்கார்ந்திருந்தது, கவிழ்த்த தட்டு மாதிரி வழவழவென்று ஒரு லென்ஸ் மேகம். லேசில் யாருக்கும் அகப்படாத வகை.

“நம்ம குழுவோட முதல் லென்ஸ்!” என்று வாத்தியார் எழுத, குழுவே கைதட்டியது. நூலகத்தின் முன்கூடத்தில் குழு நடத்தப்போகும் முதல் கண்காட்சிக்கு வாசல் படம் அதுதான் என்று முடிவானது. “மேகம் பார்த்தா வயிறு நிறையுமா?” என்று மூன்று வருடம் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தன் அலுவலகம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இதுவோ ஊரே பொன் என்று ஒப்புக்கொண்ட குஞ்சு.

கண்காட்சி சனிக்கிழமை. புதன்கிழமை அச்சகத்துக்காரர் படத்தை முழு அளவில் கேட்டார். மதியம் நோயாளிகள் இல்லாத நேரத்தில், எலும்பு பார்க்கும் பெரிய திரையில் அதைத் திறந்தாள். கீழ் மூலையில் எதிர்க் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி இருந்தது. மேகத்தின் விளிம்பு அந்தத் தொட்டியின் மேலும் மெல்லிசாக ஓடியது. தொட்டிக்குப் பின்னால் இல்லை, முன்னால்.

எந்த மேகம் தொட்டிக்கு முன்னால் வரும்?

நாலாம் மாடிக்கு ஓடினாள். படிக்கட்டின் கூரையில் வட்ட விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதே ஜன்னல் முன் நின்றாள். கண்ணாடியில் அது சாய்ந்து, தட்டையாக, அழகாக மிதந்தது. அவமானம்தான், வேறென்ன. தினமும் நூறு பேரிடம் செயினைக் கழட்டு, பொத்தானைக் கழட்டு, நிழல் விழும் என்று சொல்கிறவள் அவள். பொத்தானின் நிழலைக் கட்டி என்று நினைத்த புது டாக்டரிடம், “நிழலுக்கு மருந்து குடுக்காதீங்க டாக்டர்” என்று வாதாடி மறுபடி படம் எடுத்தவள். ஊருக்குத்தான் உபதேசம்.

வாத்தியாருக்குப் போன் போட்டாள்.

“சார், அது மேகம் இல்ல. கூரை விளக்கு. கண்ணாடில தெரிஞ்சிருக்கு.”

“வேற யாருக்காவது தெரியுமாம்மா?”

“எனக்குத் தெரியும் சார்.”

“நாங்க இத்தன பேர் பாத்தோம், ஒருத்தருக்கும் தெரியல. வர்றவங்களுக்கா தெரியப்போகுது? சனிக்கிழமை முடியட்டும், அப்புறம் மெதுவா எடுத்துடலாம். உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் கஷ்டம். ஒரு நிமிடம் அவளுக்கும் சபலம் தட்டியது. வாசலில் அந்தப் பெரிய படம், பக்கத்தில் வீட்டுக்காரரின் நிமிர்ந்த முகம். ஆனால் மூன்று வருடம் அத்தனை படி ஏறியது மேகத்துக்காக. விளக்குக்காக இல்லை.

“மன்னிச்சுக்கோங்க சார். இப்பவே குழுல போடறேன்.”

போட்டாள். தொட்டியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, நடந்ததை நாலே வரியில் எழுதினாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காத்திருந்த முழங்கால்காரரை உள்ளே கூப்பிட்டாள். மணிக்கட்டு, முதுகு, நெஞ்சு என்று வரிசையாக வந்தார்கள். ஒரு படம்கூடக் கலங்கவில்லை.

நாலு மணிக்கு எடுத்துப் பார்த்தால் எல்லோரும் படித்திருந்தார்கள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் டாக்ஸி எழுதினார்: “என் ஒளிவட்டமும் சந்தேகந்தான் எக்ஸ்ரே. வண்டிக் கண்ணாடில எண்ணெய்ப் பிசுக்கு இருந்துச்சு. ரெண்டு வருஷமா சொல்ல வாய் வரல.” அதன் கீழே பேக்கரி: “என் செவப்புல பாதி போன் தானா கூட்டினது. தெரிஞ்சும் கம்முனு இருந்துட்டேன்.”

கடைசியில் வாத்தியார்: “எல்லாம் சரி. வாசல்ல இப்ப என்னத்த மாட்டறது?”

அவள் பஸ்ஸை விட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே பதில் எழுதினாள். “அதையே மாட்டுங்க சார். கீழ இப்படி எழுதுங்க: இது மேகம் அல்ல, நாலாம் மாடி விளக்கு. எடுத்தவர் எக்ஸ்ரே.”

சனிக்கிழமை வீட்டுக்காரர் அலுவலகத்து ஆட்கள் ஆறு பேரோடு வந்தார். அவரிடம் புதன்கிழமையே சொல்லியிருந்தாள். யாராலும் படிக்க முடியாத அளவுக்கு எழுத்தைச் சின்னதாகப் போடச் சொல் என்றுதான் கெஞ்சியிருந்தார். எழுத்து உள்ளங்கை அகலம் இருந்தது. ஆறு பேரும் வாசலிலேயே நின்று படித்தார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்காரர் தன் செருப்பைப் பார்த்தார்.

“விளக்கா?” என்றார் இன்னொருவர்.

அவள் படத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றாள்.

“விளக்குதாங்க. எடுத்தது நான்தான்,” என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. “தள்ளி நின்னா தெரியாது. கிட்ட வாங்க, தொட்டியப் பாருங்க.”