ஒன்பதாவது பெட்டியும் பதினான்காவது பெட்டியும்

1.
இது என் கதையல்ல. 2006-இல் புனேயில், ஹடப்சர் போகும் பஸ்ஸில், தோழி விசாலாக்ஷி சிரித்து விக்கியபடி சொன்னது. எழுத நான் அனுமதி கேட்கவில்லை.

தொடக்கம்: "மழை கொட்டிய அந்த மாலையில், விசாலா—"

வேண்டாம். மழையே பெய்யவில்லை. மறுபடியும்.

ஒரு வெங்காயக் கிடங்கு. சுவரெல்லாம் இருபது சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றும் தன் இடத்துச் சூட்டைப் பக்கத்துப் பெட்டிகளிடம் சொல்லும். சொல்லிக் கேட்டு எல்லாம் ஒரே எண்ணுக்கு வரும்; அது ஏறினால் ஃபேன்கள் ஓடும். தலைமைப் பெட்டி கிடையாது. (எங்கள் வீட்டில் டிபன் முடிவாவதும் இப்படித்தான்.) ஆறு மாதம் உழைத்து இதைச் செய்தவள் விசாலாக்ஷி.

2.
ஒன்பதாவது பெட்டி எண்பது டிகிரி என்றது.* மற்றவை நம்பின. எல்லா ஃபேனும் சுழன்றன. கிடங்கு முதலாளிக்குத் தலை முதல் கால் வரை வெங்காயத் தோல்.

* சாயா கெட்டிலை அதன்மேல் வைத்தவர் சுமைக்காரர் கந்தசாமி. "ஷெல்ஃபுன்னு நெனச்சேன் தாயி."

3.
அவளுடைய மேலாளர் ஜம்புவை வில்லனாக்கப் பார்த்தேன். வாட்ச்மேனையே 'வாங்க' என்று கூப்பிடும் மனுஷர், ஒத்துவரவில்லை.

"ஏம்மா, ஒண்ணு உளறினா இருபதும் உளறுமா? திங்கக்கிழமைக்குள்ள சரியாகலன்னா கிடங்கு வேலை நம்ம கைய விட்டுப் போயிடும்."

"உளறுறத துரத்த வேண்டாம் சார். பக்கத்துப் பெட்டிங்கள விட்டு எவ்வளவு விலகுதோ, அவ்வளவு குறைச்சலா நம்பச் சொல்றேன்."

4.
திங்கட்கிழமை. வேண்டுமென்றே ஒன்பதின்மேல் கெட்டிலை வைத்தார்கள். திரையில் இருபத்துநான்கு டிகிரி. கைதட்டல்.

"பாத்தீங்களா, என்ன நிதானம்!" என்றார் ஜம்பு. அவர் கோட்டைக் கழற்றி மாட்டியிருந்தது பதினான்காவது பெட்டிக்குப் பக்கத்து விளக்கில். பதினான்கு, எழுபது என்று கத்தியது. யாரும் நம்பவில்லை. திரையில் அதே இருபத்துநான்கு. கோட்டில் தீ.

விசாலாக்ஷி மணல் வாளியோடு ஓடினாள். கோட்டில் பாதி மணல், ஜம்புவின்மேல் மீதி.

5.
"அந்தப் பெட்டிக்குத் தெரிஞ்சுதா?" என்று முதலாளி மராத்தியில் கேட்டார். ஜம்பு கண்ணாலேயே 'வேண்டாம்மா' என்றார்.

"தெரிஞ்சுது. நான்தான் மத்ததுக்கு நம்பாதேன்னு சொல்லிக் குடுத்தேன்."

[இங்கே முதலாளி அவளை விரட்டுவதாக ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன், நடந்தது வேறு.]

அவர் இருமி, சிரித்து, "வேலை உனக்குத்தான்" என்றார். "தனியா ஒண்ணு கத்தினா மணி அடிக்கட்டும், ஆள் போய்ப் பாக்கட்டும். எத்தனை டிகிரிக்கு மேலன்னு நாளைக்குச் சொல்லு."

எழுபதில் வைத்தால் ஒவ்வொரு சாயாவுக்கும் மணி. எண்பத்தொன்றில் வைத்தால் இன்னொரு கோட்டு. அவள் என்னிடம் கேட்டாள். நான் உங்களிடம்:

______ டிகிரி.

பென்சிலில் எழுதுங்கள்.