காவலர் வளர்த்த வட்டம்

இரும்பைக் கண்டால் கத்தும் கருவி கீச்சென்று கத்தியதும் டேப் அக்கா மண்டியிட்டு உட்கார்ந்து சருகை இரண்டு கையாலும் ஒதுக்கினாள். மண்ணைச் சற்றே கிளறியதும் துருவேறிய கம்பியின் தலை தெரிந்தது. "ஐயா பத்திரமா இருக்காரு," என்று அதைத் தட்டிக்கொடுத்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே அடித்து இறக்கிய கம்பி. அதை நடுவாக வைத்துச் சுற்றிலும் ஒரு வட்டம். வட்டத்துக்குள் நிற்கிற ஒவ்வொரு மரத்தின் பருமனையும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வந்து அளக்க வேண்டும். டேப்பை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு அந்தப் பெயர். அவளுடைய சொந்தப் பெயரை மேலதிகாரியே மறந்துபோயிருந்தார்.

வட்டம் எங்கே இருக்கிறது என்பது பரம ரகசியம். மரத்தில் ஒரு கீறல் போடக் கூடாது, ஒரு துணி கட்டக் கூடாது. காரணம் ரொம்பச் சாதாரணம். இங்கேதான் அளக்க வருவார்கள் என்று தெரிந்துவிட்டால் மனுஷ மனசு சும்மா கிடக்காது. அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக்கொள்ளும். அப்புறம் அந்த வட்டம் சுற்றியிருக்கும் பெருங்காட்டுக்குச் சாட்சி சொல்ல லாயக்கில்லாமல் போய்விடும். வெட்டுகிற அளவுக்காவது காடு வளர்கிறதா, இனிமேல் எவ்வளவு வெட்டலாம் என்பதெல்லாம் இந்த வட்டங்களின் சாட்சியை வைத்துத்தான் முடிவாகிறது. ஆகவே டேப் அக்கா யாரிடமும் வாய் திறந்ததில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் காட்டுக்கு வனக்காவலராக இருப்பவரே அவள் புருஷன்தான். "காட்டைக் காக்கறவன் நான், எனக்கே சொல்லமாட்டியா?" என்று கல்யாணமான புதிதில் கெஞ்சிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். மாமியார்தான் விடவில்லை. "புருஷன்கிட்டச் சொல்லாத இடத்துக்குப் போயிட்டு வர்றா, அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்க!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இன்றைக்குக் கூட வந்திருந்தவள் அக்கரைக்காரி. காடு ஒன்றுதான், நடுவில் ஓடுகிற ஆறு அதை இரண்டு நாடாக்கிவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டேப் அக்கா செய்கிற வேலையை இவள் செய்கிறாள். பேச்சும் ஒன்றுதான், இழுவைதான் வேறு. இரண்டு நாடும் தனித்தனியே அளந்து தனித்தனியே பெருமையடித்துக்கொண்ட காலம் போய், ஒரே முறையில் அளப்போம், ஒருவர் வட்டத்தை மற்றவர் வந்து அளந்து சரிபார்ப்போம், ஒத்துப்போனால் ஒரே கணக்காக மற்ற நாடுகளுக்கு முன்னால் வைப்போம் என்று ஒப்பந்தம் ஆகியிருந்தது. அது ஒன்றும் லேசில் ஆகிவிடவில்லை. மரத்தை மார்பு உயரத்தில் அளக்க வேண்டும், சரி. சரிவில் நிற்கிற மரத்துக்கு மார்பு உயரம் எது? மேட்டுப் பக்கம் நின்று பார்த்தா, பள்ளத்துப் பக்கம் நின்று பார்த்தா? இந்த ஒரு கேள்விக்காக எத்தனை கூட்டம், எத்தனை குடம் டீ! ஒரு கூட்டத்தின் இடைவேளையில் மாடிப்படித் தூணைக் கட்டிப்பிடித்து அவரவர் நாட்டு முறையை நடித்துக் காட்டிச் சண்டை போட்டதில்தான் இந்த இரண்டு பெண்களும் சிநேகிதிகள் ஆனார்கள். கடைசியில் மேட்டுப் பக்கம் ஜெயித்தது. சேர்ந்து அளக்கிற முதல் வட்டம் இது. "நம்ம மானத்தைக் காப்பாத்தும்மா," என்று மேலதிகாரி காலையிலேயே போனில் சொல்லியிருந்தார்.

முதலில் டேப் அக்கா அளந்தாள், பிறகு அவள் எண்களைப் பார்க்காமல் அக்கரைக்காரி தன்னுடைய டேப்பால் அளந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அக்கரைக்காரி துள்ளிக் குதித்தாள். "அச்சு அசல் ஒண்ணா இருக்குடி! ஒரே கையால அளந்த மாதிரி!" அது மட்டுமா, மரங்களெல்லாம் போன முறையைவிடக் கொழுகொழுவென்று பருத்திருந்தன. டேப் அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கி வந்த மாதிரி முகம் மலர்ந்துபோனாள். ஒரு மரத்தை மட்டும் இன்னொரு தடவை அளந்து பார்ப்போம் என்று டேப்பின் நுனியைப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்தாள். அப்போதுதான் உறைத்தது. கையில் கொடி எதுவும் தட்டவில்லை.

போன முறை இந்த மரத்தில் கொடிக்கு அடியில் டேப்பை நுழைத்து எடுப்பதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துபோனது நன்றாக ஞாபகம் இருந்தது. குனிந்து பார்த்தாள். அடியில் கொடியின் காய்ந்த கட்டைதான் இருந்தது, யாரோ வெட்டியிருந்தார்கள். அடுத்த மரம், அதற்கடுத்த மரம், எல்லாவற்றிலும் அப்படியே. வட்டத்துக்கு வெளியே காடு காடாக இருந்தது. கொடிகள் வெயில் படாமல் மரங்களை மூடிக்கொண்டு ஏறியிருந்தன. உள்ளே மட்டும் மரங்கள் குளித்துத் தலைவாரிக்கொண்டு நின்றன. இதை எப்படிக் காலையிலேயே பார்க்காமல் விட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வெட்டு ஒவ்வொன்றும் இடமிருந்து வலமாகச் சரிந்திருந்தது. இடக்கைக்காரன் வெட்டு. வீட்டு வேலியில் படர்கிற கொடியை வாரந்தோறும் இதே சாய்வில் வெட்டுகிற ஓர் இடக்கை அவளுக்குத் தெரியும்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். விருந்தாளிக்கும் சேர்த்து விடியற்காலையில் எழுந்து சமைத்துக் கட்டிக் கொடுத்தவரும் அதே இடக்கைக்காரர்தான். சோறு, காய், ஆளுக்கொரு அவித்த முட்டை. அக்கரைக்காரி ரசித்துச் சாப்பிட்டாள். "குடுத்து வெச்சவடி நீ. இப்படிச் சமைச்சுக் குடுக்கற ஆளு எங்க கிடைக்கும்?" என்றாள். டேப் அக்காவுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாட்டு அளவும் ஒத்துப்போயாயிற்று, கேள்வி கேட்க ஆளில்லை. சொன்னால் முதல் வட்டமே கெட்டது என்று ஆகும், இத்தனை வருஷம் அலைந்தது வீணாகும், அதற்கும் மேலே கட்டின புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர் வேறு. ஆனால் இந்தப் பருமனை நம்பி, காடு முழுக்க இப்படித்தான் கொழிக்கிறது என்று கூடுதலாக வெட்டச் சொல்வார்களே! முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, "இந்த வட்டம் செல்லாதுக்கா," என்றாள்.

அக்கரைக்காரி நிமிர்ந்தாள். டேப் அக்கா வெட்டுகளைக் காட்டினாள், யார் கை என்பதையும் சொன்னாள். அக்கரைக்காரிக்கு முதலில் முகம் செத்துவிட்டது. "ஐயோ, முதல் இடமே இப்படியா," என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். "எங்க வீட்டுக்காரருக்கு நான் மரம் அளக்கறேனா, துணி அளக்கறேனான்னே தெரியாதுடி! உன் ஆளு காட்டுக்குள்ள தேடி வந்து கொடி வெட்டியிருக்காரு!" என்றாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யாரு பண்ணினதுன்னும் எழுதணுமா? யாரோன்னு போட்டுடலாமே," என்று கேட்டாள்.

"தெரிஞ்சிருந்தும் யாரோன்னு எப்படி எழுதறது?" என்றாள் டேப் அக்கா. வட்டம் ரத்து என்று காரணத்தோடு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கம்பியைப் பிடுங்கத்தான் பெரும்பாடாகிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டி ஆட்டி, கடைசியில் அது வெடுக்கென்று வந்த வேகத்தில் இருவரும் சருகில் உட்கார்ந்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது காவலர் பின்கட்டில் உட்கார்ந்து டார்ச்சுக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். "சாப்பாடு நல்லா இருந்துச்சா? அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்றார். கத்த வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு அந்தக் கேள்வியில் பாதிக் காற்று இறங்கிவிட்டது.

"கொடியெல்லாம் நீங்கதானே வெட்டினீங்க?"

"எந்தக் கொடி?" என்றவர் பேட்டரியைத் தலைகீழாகப் போட்டார்.

"ஏங்க."

அவர் டார்ச்சைக் கீழே வைத்தார். "போன தடவை நீ வந்தப்ப ஷூவெல்லாம் செம்மண்ணா இருந்துச்சு. என் காட்டுல செம்மண் இருக்கறது அந்த ஒரு சரிவுலதான். ரோந்து போறப்ப பார்த்தேன். சருகு வட்டமா மிதிபட்டுக் கிடந்துச்சு."

"கண்டுபிடிச்சீங்க, சரி. எதுக்கு வெட்டினீங்க?"

"நீ அளக்கற மரமாச்சே. உனக்கு நல்ல அளவா வரட்டுமேன்னுதான்," என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். டேப் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. "எனக்கு நல்ல அளவா வர வேண்டாம்ங்க, இருக்கற அளவா வந்தாப் போதும். நான் உங்க பேரை எழுதிக் குடுத்துட்டேன். குடுக்காம இருந்தா காடு மொத்தமும் இப்படி வளருதுன்னு நினைச்சு இன்னும் வெட்டச் சொல்லுவாங்க. உங்க காட்டைத்தான்."

"அடப்பாவி, என் காட்டுக்கு நானே கோடாலி எடுத்துக் குடுத்திருக்கேன்," என்றார் காவலர், தனக்குத்தானே. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். துண்டால் துடைத்தபடி, பக்கத்தில் உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். "எவ்வளவு பருத்திருக்கு?"

பழக்கத்தில் அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். அப்புறம்தான் இனி அதில் ரகசியம் ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினாள். "ஓரத்துல சாஞ்சு நிக்குதே, அதுதான் எல்லாத்தையும் விட அதிகம்."

"அதுவா!" காவலரின் முகத்தில் சந்தோஷம் வழிந்தது. "அது கழுத்தை நெரிச்சுக்கிட்டு ஒரு கொடி இருந்துச்சு பாரு, நான்தான்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றாள். இரவுச் சாப்பாடு முடிகிறவரை அவர் ஒவ்வொரு மரத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார். மாமியார் ஒன்றும் புரியாமல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அலுவலகத்தில் எதிர்பார்த்த அளவுக்குக் குடி முழுகவில்லை. மேலதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கூட்டுக்கணக்கு தள்ளிப்போனது. காவலருக்கு ஒரு மெமோ வந்தது. ஒரு பகுதிக் காட்டை அளவுக்கு மீறி நன்றாகப் பராமரித்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். இப்படி ஒரு மெமோ துறையில் யாருக்கும் வந்ததில்லை என்று ரேஞ்சர் வாய்விட்டுச் சிரித்தாராம். அக்கரைக்காரி போன் செய்து, அவர்கள் பக்கமும் எல்லா வட்டத்திலும் கொடியைப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். "ஒரு இடத்துலயாவது யாராவது வெட்டி வெச்சிருக்கணும்னு வேண்டிக்கிட்டுப் போறேன்டி," என்றாள். கம்ப்யூட்டர் வேறோர் இடத்தில் புது வட்டம் தேர்ந்தெடுத்தது. டேப் அக்கா போய்க் கம்பி புதைத்துவிட்டு வந்தாள். காவலர் எங்கே என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒரு லீவு நாளில் காலைக் காபி ஆனதும் காவலர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்தப் பழைய இடத்துக்கு இப்ப யார் வேணும்னாலும் போகலாம்தானே?"

"தாராளமா."

"வர்றியா? உனக்குக் காட்டறேன்."

இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து அந்தக் காட்டுக்குள் போனதே இல்லை. அவர் முன்னால் நடந்தார். விருந்தாளியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறவர் மாதிரி, இங்கே இடதுபக்கம் திரும்பணும், இந்த முள்ளைப் பார்த்துக்கோ என்று சொல்லிக்கொண்டே போனார். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் போய்ச் சேருவாள். ஆனாலும் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினாள், காட்டிய முள்ளுக்கெல்லாம் ஒதுங்கினாள். சரிவு தொடங்குகிற இடத்தில் காவலர் சட்டென்று நின்று திரும்பினார்.

"பார்த்து வா. இங்க ஒரு பள்ளம் இருக்கு. சருகு மூடிக்கிட்டிருக்கும், புதுசா வர்றவங்களுக்குத் தெரியாது."

வேலைக்குச் சேர்ந்த வருஷம் டேப்பும் கையுமாக அவள் குப்புற விழுந்து எழுந்த பள்ளம்.

"அப்படியா?" என்றாள்.

அவர் இடக்கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு, காலை மெல்ல எடுத்து வைத்துப் பள்ளத்தைத் தாண்டினாள்.