ஆபத்து ஞானஸ்நானம்

மரியசெல்வம் பன்னிரண்டு வருசம் உபதேசியாராக இருந்தவர். திண்டுக்கல்லுக்கு மேற்கே, குடகனாற்றுக்கு அக்கரையில் அவர் ஊர். சாகக் கிடப்பவர்களின் தலைமாட்டில் செபம் சொல்வதும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்றுக் கொடுப்பதும்தான் வேலை. 1955-ல் ஒருநாள் செபத்துக்கு நடுவிலேயே, எதிரில் கேட்பதற்கு யாருமில்லை என்று அவருக்குத் தோன்றியது. அந்த நினைப்பு அப்புறம் போகவேயில்லை. கோயிலை விட்டு விலகி, வீட்டில் உட்கார்ந்து சுருட்டுச் சுற்ற ஆரம்பித்தார். கேட்டவர்களிடம், "கடவுள் இல்லப்பா, அம்புட்டுத்தான்" என்றார்.

இரண்டு வருசம் கழித்து, ஐப்பசி வெள்ளம் ஆற்றில் கரை தொட்டு ஓடிய ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டு ராயப்பராஜ் ஓடி வந்தான். காலையில் பிறந்த அவன் மகள் நீலம் பாரித்துக் கிடந்தாள்.

"ஆத்தத் தாண்டி பங்குச் சாமியாரு வர முடியாதுண்ணே. நீங்க வந்து ஞானஸ்நானத் தண்ணி ஊத்துங்க."

"நான் நம்பாதவன்டா."

"ஆபத்துக்கு யாரும் ஊத்தலாம்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீக?"

"அப்ப நீயே ஊத்து."

"எனக்கு வார்த்தை தப்பிரும்ணே."

போனார். தாய் செபஸ்தியம்மாள் அழவில்லை. "பிள்ளையச் சுவத்துக்கு வெளிய பொதைக்க விட்றாதீகண்ணே" என்றாள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டச் சுவருக்குள் இடமில்லை.

பிள்ளைக்கு லூர்தம்மாள் என்று பெயர் சொன்னார்கள். செம்பை வாங்கிக் குழந்தையின் தலைக்கு மேலே பிடித்தவர், சாய்க்காமல் நின்றார். ஒன்றுமே இல்லையென்றால் வெறும் தண்ணீர்தான். அதற்கு எதற்கு இந்தத் தயக்கம்? கடவுள் இருந்துவிட்டால், நம்பாமல் ஊற்றும் தண்ணீர் இந்தப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடும்?

"லூர்தம்மாள், பிதாவுடையவும் சுதனுடையவும்..."

அடுத்து வர வேண்டிய பரிசுத்த ஆவியின் பெயர் வரவில்லை. ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. செபஸ்தியம்மாளின் உதடுகள் அசைந்தன. அதைப் பார்த்தே அவர் முடித்தார்.

"...இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உன்னைக் கழுவுகிறேன்."

தண்ணீர் பட்டதும் குழந்தை உடம்பை உதறி வீரிட்டது.

"பாத்தீகளாண்ணே!" ராயப்பராஜ் முழங்காலில் விழுந்தான். மரியசெல்வம் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அந்த வீட்டில் அவருக்குத் தெரியாத யாரோ நிற்பதுபோல இருந்தது.

பொழுது சாய்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது.

மறுநாள் சுவருக்கு உள்ளேதான் புதைத்தார்கள். மண்ணைத் தள்ளிக்கொண்டே ராயப்பராஜ் கேட்டான்: "மனசு வச்சுத்தானே ஊத்துனீக, அண்ணே?"

"ஆமாடா" என்றார். அது பொய்யா என்று அவருக்கே தெரியவில்லை. காய்ச்சல் வந்தவர்போல நடந்து வீடு சேர்ந்தார்.

அடுத்த வருசம் செபஸ்தியம்மாளுக்கு மறுபடி மாதம் நெருங்கியபோது, மரியசெல்வம் சின்னாளப்பட்டியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். தாயும் பிள்ளையும் நலம் என்று சேதி வந்த பிறகுதான் ஊருக்கு பஸ் ஏறினார்.