சாட்சிக்கு வைத்த நாமக்கோழிகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டிலிருந்து கிடைத்தது. முடிச்சூர்ப் பக்கத்து ஏரி, மே 1991. பி.எச். 8.1, உப்பு குறைவு, பூச்சிமருந்து இல்லை. இதில் என்ன கதை என்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டேன்.

2

'நீல ஏரியில் அலைகள்' என்று தொடங்கி அடித்துவிட்டேன். மே மாதத்தில் அது என்றைக்கு நீலமாக இருந்தது? முழங்காலளவுக்கு வற்றி வெந்நீராகக் கிடந்தது. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நீர்ப்பறவைகள், நாமக்கோழிகள், கழுத்தைத் தூக்க முடியாமல் தண்ணீரில் முகம் புதைந்து செத்தன. முதல் நாள் எட்டு.

ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவன் துலுக்காணம். அவன்தான் பறவை பிடிக்க மருந்து கலந்தான் என்றது ஊர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? குத்தகையைப் பிடுங்கப் போவதாகப் பேச்சு. துலுக்காணம் ரோஷக்காரன். கரையிலேயே காவலிருந்து, செத்ததை எடுத்துப் புதைக்க வந்தவர்களை விரட்டினான்.

"நான் இன்னா தப்பு பண்ணேன்? ஆபீசர் வந்து கண்ணால பாக்கட்டும். அதுவரிக்கும் எவனும் கை வெக்கக் கூடாது."

ஆபீசர் பதினோராம் நாள் வந்தார். அதற்குள் நானூறு செத்திருந்தன.

3

தண்ணீரைச் சோதித்தவன் சம்பத், துலுக்காணத்தின் அக்கா புருஷன். தாம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை. (முதலில் அவனைப் பேராசிரியராக்கினேன். பேராசிரியர் சேற்றில் இறங்க மறுத்துவிட்டார்.) மருந்தில்லை என்றதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். நூலகத்தில் ஒரு புத்தகத்தையும் பார்த்துத் தொலைத்தான்.

வெயில், எட்டை ஒட்டிய பி.எச்., உப்பில்லாத நீர், காற்றுப் புகாத சேறு. இவை கூடினால் ஒரு கிருமி விஷம் கக்குகிறது. செத்த பறவையில் புழு வைக்கிறது. விஷம் புழுவின் உடம்பில் சேர்கிறது, ஆனால் புழுவை ஒன்றும் செய்வதில்லை. புழுவைத் தின்ற பறவை சாகிறது. (ஏரி உப்புக் கரித்திருந்தால் கிருமி அடங்கியிருக்குமாம். ஏரியிடம் யார் போய்ச் சொல்வது.)

ஆக, முதல் எட்டைக் கொன்றது ஏரி. மிச்சத்தில் பெரும்பாலானதைக் கொன்றது, துலுக்காணம் சாட்சிக்கு வைத்திருந்த அந்த எட்டு.

4

முடிவு ஒன்று: பஞ்சாயத்து சீட்டைப் பார்த்துக் குத்தகையை அவனிடமே விட்டது. ஊர் வாயடைத்தது. சுபம்.

முடிவு இரண்டு: சம்பத் மச்சினனை உட்காரவைத்து உண்மையைச் சொன்னான். அதைக் கேட்ட துலுக்காணம்

(இந்த வாக்கியத்தை ஏழு தடவை எழுதிப் பார்த்தேன். முடியவில்லை.)

5

பஞ்சாயத்து முடிந்த அன்று துலுக்காணம் சம்பத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான்.

"ஒத்தப் பறவைய கூட நான் கொல்லலன்னு நீதான் மாமா சொன்னே. அடுத்த வெயிலுக்குச் செத்தாலும் இதே மாரிதான். ஒண்ணையும் எவனையும் தொட வுடமாட்டேன்."

சம்பத் வாயைத் திறந்தான். நான் பேனாவை மூடிவிட்டேன், கோழை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கோடைக்குப் பத்து மாதம் இருக்கிறது. நீங்களாவது அவனிடம் சொல்லுங்கள்.