காலி வீட்டின் வெள்ளைப் படிகள்

எங்கள் வழக்குக்கு முதல் எதிரி என் மனைவி வெர்டெலின் சுத்தம்தான். இதை நான் அவளிடமே சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு சில நாள் என் காபியை நானே போட்டுக் குடித்தேன். ஆனாலும் உண்மை உண்மைதானே.

வெர்டெலும் நானும் படுக்கும் அறையின் ஒரு சுவர் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பால்டிமோரின் இந்தத் தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே செங்கல் சுவர். பக்கத்து வீட்டுக் கூரையில் ஓட்டை விழுந்ததும், அங்கே பெய்த மழையெல்லாம் எங்கள் சுவர் வழியாக இறங்கியது. முதலில் சுவர்க் காகிதம் உப்பியது. பிறகு காரை பெயர்ந்தது. கட்டிலை எதிர்ப்பக்கம் தள்ளிப் போட்டோம். ஓதம் அங்கேயும் தேடி வந்தது. கடைசியில் கட்டிலைக் கீழே முன்னறைக்கு இறக்கினோம். அன்றிலிருந்து யார் பார்க்க வந்தாலும் எங்கள் கட்டிலில்தான் உட்கார வேண்டும். திருச்சபைப் பாதிரியார் வந்தபோது வெர்டெல் வெட்கத்தில் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

பஸ் டிப்போவில் ஆயுசு முழுக்க கிரீஸில் புரண்டு கடன் அடைத்த வீடு இது. கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். அவன் ஒரு செங்கல்லை விரலால் சுரண்டினான். அது மாவு மாதிரி உதிர்ந்தது. அந்தப் பக்கம் கூரை போடாமல் இந்தப் பக்கம் என்ன பூசினாலும் வீண், இன்னும் ஒன்றிரண்டு குளிர்காலம் உள்ளே நீர் உறைந்தால் சுவரே இறங்கிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான். இந்த வயதில் இதை விட்டுவிட்டு எங்கே போவது? நான் வேறு எதையும் யோசிக்க முடியாதவனாக ஆகியிருந்தேன்.

பக்கத்து வீட்டில் ஆம்ப்ரோஸ் என்று ஒரு மனிதர் இருந்தார். தனிக்கட்டை. அவர் செத்த பிறகு யாரோ தூரத்து உறவுக்காரன் அதை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டான். கம்பெனிக்கு முகம் கிடையாது, வேறு மாநிலத்தில் ஒரு தபால்பெட்டி மட்டும்தான் உண்டு. நான் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்ச் சமாதியாயின.

காலி வீடு என்று தெரிந்ததும் யாரோ வாசலில் ஒரு மெத்தையைக் கொண்டுவந்து போட்டார்கள். மறு வாரம் ஜன்னல் உடைந்தது. அதற்குப் பிறகு என்னவெல்லாம் வரும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரு முனையில் ஒரு வீடு அப்படித்தான் ஆரம்பித்து, கடைசியில் எரிந்துபோனது. வெர்டெல் ஒரு முடிவு எடுத்தாள். காலி வீடு காலியாகத் தெரியக் கூடாது. மெத்தையை நாங்களே இழுத்து அப்புறப்படுத்தினோம். உடைந்த ஜன்னலுக்கு நான் கண்ணாடி போட்டேன். உயிரோடு இருந்தபோது ஆம்ப்ரோஸ் எங்களிடம் கொடுத்து வைத்திருந்த சாவியால் திறந்து, எங்கள் பழைய திரைச்சீலைகளை உள்ளே மாட்டினாள். ஜன்னலில் ஒரு பூந்தொட்டி வைத்தாள். கிறிஸ்துமஸுக்கு பேட்டரியில் எரியும் மெழுகுவத்தி ஒன்று.

பிறகு படிகள். எங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலுக்கும் மூன்று வெள்ளைப் பளிங்குப் படிகள். சனிக்கிழமை காலை பொடி போட்டு, நுரைக்கல்லால் தேய்த்துக் கழுவுவதை இன்னும் விடாத பெண்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் வெர்டெல் ராணி. தன் மூன்று படிகளை முடித்துவிட்டு, முழங்காலுக்கு அடியில் மடித்துப் போட்ட போர்வையை அப்படியே நகர்த்திப் போட்டு, பக்கத்து வீட்டு மூன்றையும் தேய்ப்பாள். ஆள் இல்லாத வீட்டின் படி அந்தத் தெருவிலேயே அதிகமாக மின்னியது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். சொந்தக்காரன் கைவிட்ட வீட்டுக்கு நகராட்சி ஆய்வாளர் வந்து, இது காலி, வசிக்க லாயக்கில்லை என்று நோட்டீஸ் ஒட்ட வேண்டும். அதற்கும் சொந்தக்காரன் அசையாவிட்டால் நீதிமன்றம் ஒரு ரிசீவரை நியமிக்கும். ரிசீவர் வீட்டைக் கையில் எடுத்து, பழுது பார்க்கத் தெம்புள்ள ஆளுக்கு விற்றுவிடுவார். நல்ல சட்டம்தான். ஆனால் நோட்டீஸ் ஒட்டினால்தான் அது நகரவே ஆரம்பிக்கும்.

நான் புகார் கொடுத்தேன். டோர்சி என்கிற ஆய்வாளர் காரில் வந்தார். இறங்கக்கூட இல்லை. திரைச்சீலை, பூந்தொட்டி, வெள்ளைப் படி. ஆள் குடியிருக்கிறார்கள், குறையொன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருடமும் கொடுத்தேன். அப்போதும் அதே கார், அதே பதில். கூரை பின்பக்கம் அல்லவா ஓட்டை! முன்பக்கத்திலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டைவிட அது நன்றாக இருந்தது.

ரிசீவர் வேலையைச் செய்யும் அமைப்பிலிருந்து ரெனாட்டா என்ற இளம் வக்கீல் ஒருநாள் வந்தாள். எங்கள் கட்டிலில்தான் உட்கார்ந்தாள். இந்த ஊர் மரியாதைப்படி வெர்டெலை மிஸ் போட்டு அழைத்தாள். மேலே போய்ச் சுவரைப் பார்த்தாள், பின்சந்தில் நின்று கூரையைப் பார்த்தாள், முன்வாசலுக்கு வந்து படிகளை வெகுநேரம் பார்த்தாள்.

"மிஸ் வெர்டெல், நீங்க இந்த வீட்டுக்கு மேக்கப் போட்டு வச்சிருக்கீங்க," என்றாள். "ஜட்ஜுக்கு அதோட நெஜ மூஞ்சி தெரியணும்."

"அப்ப என்ன, குப்பையைக் கொண்டுவந்து கொட்டணுமா?"

"எதுவும் செய்ய வேணாம். விட்டுடுங்க, போதும்."

அவள் போன பிறகு வெர்டெல் திரைச்சீலைகளைக் கழற்றிக்கொண்டு வந்தாள். துவைத்து மடித்து வைத்தாள். பூந்தொட்டி எங்கள் ஜன்னலுக்கு வந்தது. அந்தச் சனிக்கிழமை தன் படிகளை முடித்ததும் அவள் கை தானாகவே போர்வையை அந்தப் பக்கம் நகர்த்தியது. நான் வாசலில் காவல் நின்றிருந்தேன்.

"வெர்டெல்."

"தெரியும்," என்றாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த எல்லையிலேயே மண்டியிட்டிருந்தாள். பிறகு மிச்சத் தண்ணீரைச் சாக்கடையில் வீசிவிட்டு, வாளியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். அந்த வாளியை வாரம் முழுக்க என் கார் டிக்கியில் பூட்டி வைத்தேன். மனைவியிடமிருந்து வாளியை ஒளித்து வைத்த புருஷன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

வீடு கெடுவதற்கு நாங்கள் பயந்த அளவுகூட நாள் பிடிக்கவில்லை. முதலில் சிப்ஸ் பைகளும் பாட்டில்களும். பிறகு சாயம்போன ஒரு சோபா. தெருவில் போகிறவர்கள் அதில் உட்கார்ந்து ஐஸ் தின்றார்கள், பிறகு தூங்கினார்கள், பிறகு போதை ஊசி குத்திக்கொண்டார்கள். எலிகள் வந்தன. நண்டு சாப்பிட்ட மிச்ச ஓடுகளை யாரோ மூட்டையாகக் கட்டிப் போட்டுவிட்டுப் போக, அந்த வெயிலில் தெருவே நாறியது. எதிர் வீட்டு மிஸ் கிளியோத்தா ஜன்னலைச் சாத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏன் எல்வுட், வெர்டெலுக்குக் கையில சுளுக்கா, இல்ல உன் மேல கோவமா?"

"கோர்ட்டு சொல்லிருக்கு," என்றேன்.

"குப்பை போடச் சொல்லியா? அடேயப்பா. எங்க வீட்டுக்கும் ஒரு கோர்ட்டு வாங்கிக் குடு, எனக்கும் முட்டி வலிக்குது."

வெர்டெல் இதையெல்லாம் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கோடை முழுக்க அவள் திருச்சபைக்குப் பின்சந்து வழியாகத்தான் போனாள். எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நான் செய்யச் சொன்னதுதான் சரி என்றும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து என்னை அலைக்கழித்தன.

டோர்சி இந்த முறை காரை விட்டு இறங்கினார். மூக்கைப் பொத்திக்கொண்டு நோட்டீஸ் ஒட்டினார். கம்பெனி பதில் சொல்லவில்லை. ரெனாட்டா மனு போட்டாள். இனிமேல் நடப்பதெல்லாம் சடங்குதான் என்றாள்.

விசாரணை நாளில் பார்த்தால், இத்தனை வருடம் முகமே இல்லாதிருந்த கம்பெனிக்குத் திடீரென்று ஒரு வக்கீல் முளைத்திருந்தான். இழைத்து மெருகு போட்ட மாதிரி ஒரு ஆள். அவன் நீதிபதி அம்மாளிடம் சில புகைப்படங்களைக் கொடுத்தான். போன வசந்தத்தில் எடுத்தவை. திரைச்சீலை, பூந்தொட்டி, பளிச்சென்ற வெள்ளைப் படிகள். எங்கள் கட்சிக்காரர் தொலைவில் இருந்தாலும் இந்தச் சொத்தை எவ்வளவு அக்கறையாகப் பராமரித்திருக்கிறார் பாருங்கள் என்றான். கோடையில் யாரோ சில்லறைப் பசங்கள் கெடுத்துவிட்டார்கள், கூரை வேலைக்கு ஒரு வருட அவகாசம் கொடுங்கள் என்றான்.

ஒரு வருடம் என்றால் இன்னொரு குளிர்காலம். என் கண்ணுக்கு அந்த மாவுச் செங்கல்தான் தெரிந்தது.

நான் ரெனாட்டாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து அவசரமாக எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அது எங்கள் கைவேலை என்று சொன்னால், அடுத்தவன் வீட்டுக்குள் அனுமதியில்லாமல் புகுந்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும், கம்பெனி எங்கள் மேலேயே திரும்பும், கொஞ்சம் பொறுங்கள் என்று கிசுகிசுத்தாள். வெர்டெல் பொறுக்கவில்லை. யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டிருந்தாள்.

"அந்தத் திரைச்சீலை என்னுதும்மா," என்றாள். "பூந்தொட்டியும் என்னுது. படியைத் தேச்சது நான். அந்த மனுஷங்க ஒருநாள் வந்து கதவைக்கூடத் தட்டல."

கம்பெனி வக்கீல் ஆட்சேபம் சொல்ல எழுந்தான். நீதிபதி கையைக் காட்டி அவனை உட்கார வைத்தாள்.

"வீட்டுக்குள்ள போனீங்களா?"

"போனேன். செத்துப்போன ஆம்ப்ரோஸ் சாவி குடுத்திருந்தாரு. அதுக்கு என்னைப் புடிச்சு உள்ள போடணும்னா போடுங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினாள். கோபமில்லை, எங்களைப் போலவே களைத்துப்போன முகம். அவள் மேஜையில் எங்கள் வழக்கு மாதிரி இன்னும் ஒரு அடுக்கு இருந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க கை வைக்காம விட்டிருந்தா இந்த வீடு எப்பவோ என்கிட்ட வந்திருக்கும். உங்க சுவரும் தப்பிச்சிருக்கும்."

இதையேதான் நான் வீட்டில் சொன்னேன், காபி போனது. ஆனால் அந்த இடத்தில் இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்துபோய் வெர்டெலின் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன்.

"தெரியும்மா," என்றாள் வெர்டெல். "ஆனா நீங்க வர்ற வரைக்கும் அதுக்குப் பக்கத்துல குடியிருந்தது நாங்கதானே."

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கம்பெனி வக்கீலிடம் உங்கள் கட்சிக்காரர் செய்த பராமரிப்புக்கு ஒரே ஒரு அத்தாட்சி காட்டுங்கள் என்றாள். அவன் காகிதங்களைப் புரட்டினான், புரட்டிக்கொண்டே இருந்தான். அன்றைக்கே ரிசீவர் நியமனம் ஆனது. சாவி விஷயத்தை யாரும் பிறகு எடுக்கவில்லை.

ரிசீவர் வீட்டை ஒரு கட்டடக்காரனுக்கு விற்றார். பனி விழுவதற்குள் கூரை ஏறிவிட்டது. கொத்தனார்கள் உதிர்ந்த செங்கற்களை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து சுவரைக் கட்டினார்கள். எங்கள் பக்கத்துப் பூச்சு வேலை மட்டும் எங்கள் பொறுப்பாகிவிட்டது. அதை உத்தரவில் யாரும் சேர்க்கவில்லையாம். திட்டிக்கொண்டே நானே பூசினேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. வசந்தத்தில் கட்டிலை மேலே ஏற்றி, பழைய இடத்தில் சுவரோடு ஒட்டிப் போட்டோம். வெர்டெல் படுத்துக்கொண்டு சுவரைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

அந்தப் பக்கம் டாமிக்கா என்று ஒரு பெண் குடிவந்தாள், ஆஸ்பத்திரியில் வேலை. இரண்டு வாண்டுகள். எந்நேரமும் சுவருக்கு அப்பால் ஏதாவது விழும், யாராவது அழுவார்கள், டிவி கத்தும். அவள் பாவம் படியைத் திரும்பிப் பார்க்க நேரமில்லாதவள். ஒரு மாதத்தில் அந்த வெள்ளைப் பளிங்கு சாம்பல் நிறமாகிவிட்டது. சாக்கட்டிக் கோடுகள், ஒழுகிய ஐஸின் சிவப்புக் கறை, சின்னச் சின்ன ஷூ தடங்கள்.

ஒரு சனிக்கிழமை வெர்டெல் வாளியோடு இறங்கினாள். நான் காபியோடு வாசலில் நின்றேன். தன் மூன்றையும் தேய்த்து முடித்தாள். எல்லைக்கு வந்தாள். அந்தப் படிகளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். இப்போது தடுக்க ஆளில்லை. எனக்கும் அவளை ஒரு கோடை முழுக்கக் கட்டிப்போட்டு வைத்த உறுத்தல் மனதில் இருந்தது.

"தேய்ச்சுக்க வெர்டெல், இனிமே எந்தக் கோர்ட்டும் கேக்காது."

"எதுக்கு?" என்றாள். நான் நீட்டிய கையைப் பிடித்து, முட்டி நெரிய எழுந்து நின்றாள். "உள்ள ஆளு இருக்கு. அழுக்காத்தான் இருக்கும்."

மிச்சத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வாளியைக் கவிழ்த்தாள். சுவருக்கு அப்பால் ஏதோ உடைந்து, டாமிக்கா கத்த ஆரம்பித்தாள். வெர்டெல் என் கையிலிருந்த காபியை வாங்கி, தன் ஈரப் படியிலேயே உட்கார்ந்து குடித்தாள்.